இஞ்சி மணக்கும் இல்லங்கள்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் நாள்களில் நம் இல்லங்களில் முறுக்கும் அதிரசமும் மணப்பதுபோல, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல இல்லங்களில் இஞ்சி பிஸ்கட் மணக்கிறது. மாவோடு வெண்ணெயும் இனிப்பும் சுக்குப் பொடியும் சேர்த்துப் பிசைந்து தாய் தேய்த்துக் கொடுக்க, பிள்ளைகள் அதை விண்மீனாகவும் மனித உருவாகவும் வெட்டுவர். குடும்பமே கூடிச் செய்யும் இப்பண்டம் தொன்றுதொட்டு வீட்டுப் பண்டமாகவே இருந்திருக்கும் என்று நாம் எண்ணக்கூடும். வரலாறோ வேறு விதமாகச் சொல்கிறது.

குளிர் மிகுந்த ஐரோப்பாவில் இஞ்சி விளைவதில்லை. கீழை நாடுகளிலிருந்தும், சிறப்பாகப் பழைய சேர நாட்டுக் கடற்கரையிலிருந்தும், அது கப்பலேறிச் சென்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, கொல்லத்தில் விளையும் நல்ல இஞ்சியைக் குறிப்பிட்டுள்ளார். ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர்’ என்றும் இலத்தீனில் ‘சிங்கிபெர்’ என்றும் வழங்கும் பெயர்களுக்கு நமது ‘இஞ்சி வேர்’ என்ற சொல்லே மூலம் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. பல வணிகர் கை மாறி ஐரோப்பிய நகரங்களைச் சென்றடையும்போது அதன் விலை ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

எனவே, தொடக்கத்தில் இஞ்சி முதலிய நறுமணப் பொருள்கள் சேர்ந்த தேன் பண்டங்களை வசதி படைத்தோரும் மடங்களுமே அறிந்திருந்தனர். ஜெர்மனியில் துறவியர் இம்மாவு அடுப்பில் ஒட்டாதிருக்க, நற்கருணை ஓஸ்தியைப் போன்ற மெல்லிய தகட்டின்மேல் வைத்துச் சுட்டனர். அவ்வழக்கம் இன்றும் அங்கு நிலவுகிறது. நூரம்பர்க் நகரில் இப்பண்டம் செய்தோரைப் பற்றி 1395ஆம் ஆண்டிலேயே குறிப்பு உண்டு. 1643இல் அவர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. செதுக்கிய மர அச்சுகளும், கலவையின் மறைபொருளும், விற்கும் உரிமையும் அச்சங்கத்தாரின் கைக்குள் இருந்தன. எளியோர் வீடுகளிலோ ரொட்டி சுடும் அடுப்பே பெரும்பாலும் இல்லை.

இந்த இனிப்பு எளிய அடுக்களைகளுக்குள் நுழைந்த கதையில் நாம் நினைவுகூர வேண்டிய பெண் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் அமேலியா சிம்மன்ஸ். 1796இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் அவர் எழுதிய சிறிய சமையல் நூல் வெளிவந்தது. அதுவரை அந்நாட்டில் அச்சானவை இங்கிலாந்தின் சமையல் நூல்களே. அமெரிக்கர் ஒருவர் எழுதி அந்நாட்டிலேயே அச்சான முதல் சமையல் நூல் இதுவெனக் கருதப்படுகிறது. டச்சு மக்களின் பேச்சிலிருந்து வந்த ‘குக்கி’ என்ற சொல்லைச் சமையல் நூலில் முதலில் ஏற்றியவரும் இவரே.

நூலின் முகப்பில் தம் பெயருக்குக் கீழே அவர் இட்டுக்கொண்ட அடைமொழி நம் உள்ளத்தைத் தொடுகிறது. ‘அமெரிக்க அநாதை ஒருத்தி’ என்பதே அது! பெற்றோரை இழந்து, பிறர் வீடுகளில் வேலைசெய்து பிழைக்க நேரும் பெண்களுக்காகவே இதை எழுதுவதாக முன்னுரையில் கூறுகிறார். அத்தகைய பெண்ணுக்கு நற்பெயர் ஒன்றே துணை என்கிறார். அச்சுக்குரிய படியைத் தயாரிக்கும் அளவுக்கு அவருக்குக் கல்வி இல்லை. பணியை ஒப்படைத்த ஆளோ தேவையானவற்றை நீக்கி, வேண்டாதவற்றைச் சேர்த்துவிட்டதாக ஓர் அறிவிப்பில் வருந்தியுள்ளார்.

அவர் தரும் இஞ்சிப் பண்டங்களுள் ஒன்றுக்கு 3 ராத்தல் மாவு, 1 ராத்தல் சர்க்கரை, 1 ராத்தல் வெண்ணெய், 2 அவுன்சு இஞ்சி, 4 முட்டை, ஒரு சாதிக்காய் வேண்டும். 15 நிமிடம் சுட்டால் போதும். அதில் ஒரு புதுமையும் உண்டு. விறகுச் சாம்பலிலிருந்து காய்ச்சி எடுத்த காரத்தைப் பாலேட்டில் கரைத்துச் சேர்க்கச் சொல்கிறார். நாம் ஆப்பத்துக்குச் சோடா இடுவது போன்றதே இது. காரம் மாவிலுள்ள புளிப்போடு கலந்து வாயுவாகி அதை உப்பச் செய்கிறது. நெடுநேரம் புளிக்க வைக்கவோ, கை சலிக்க முட்டை அடிக்கவோ தேவையில்லாமற் போயிற்று. வடிவத்தையும் செய்பவரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். சங்கத்தாரின் அச்சுகளுக்குள் அடங்கியிருந்த உரிமை இவ்வாறு அடுக்களைப் பெண்ணின் கைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இரும்பு அடுப்புகள் பரவியபோது வீட்டில் சுடுவது மேலும் எளிதாயிற்று.

ஆயினும் இந்த இனிமைக்குப் பின்னே கசப்பும் உண்டு. ஏழையர் தேனுக்கும் சர்க்கரைக்கும் மாற்றாகச் சேர்த்தது, கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கரிய பாகு. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் சிந்திய வியர்வையில் விளைந்தது அது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விற்ற கொடுமை அது. ஆங்கிலேயர் ஆண்ட தீவுகளில் அவ்வடிமை முறை 1834இல் தொடங்கி 1838இல்தான் முற்றும் ஒழிந்தது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் மகிழ்ந்து உண்ட பண்டத்துக்காக, வேறெங்கோ வேறு பிள்ளைகள் அநாதைகளாயினர்.

குடும்பம் கூடிச் செய்யும் ஒரு பண்டத்தின் வரலாற்றில், குடும்பத்தை இழந்தோரின் கைகள் இத்தனை பதிந்திருப்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தம்மை அநாதை என்று சொல்லிக்கொண்ட பெண், பிற வீடுகள் மணக்க வழி சொல்லிச் சென்றார். இன்றும் நம் ஊர்களில் பிறர் வீட்டு விழாவுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுத்துவிட்டு, இருட்டிய பின் தம் குடிசைக்குத் திரும்பும் பெண்கள் இல்லையா? இவ்வாண்டு நம் வீட்டில் விழாப் பலகாரம் ஆறி முடிந்ததும், முதல் தட்டை யாருக்கு எடுத்து வைப்பது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.