மனக்கவலை இருக்கும்போது தடுப்பூசி போட்டால் வேலை செய்யுமா?

தமிழகத்தில் புதன்கிழமை என்றாலே தடுப்பூசி நாள். துறையூர் பக்கம் பச்சைமலை ஏறினாலும், கீழே திருச்சி டவுனிலும் அம்மாக்கள் கேட்கிற சந்தேகம் ஒன்றுதான்: "பரீட்சை டென்ஷன்ல இருக்கான், இப்ப ஊசி போடலாமா?" 10-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிடி ஊசி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பு) போடுவதும் இந்த வயதில்தானே.

கேள்வியில் நியாயம் இருக்கு. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர், ரொனால்ட் கிளேசர் தம்பதி இதைச் சோதித்தனர். 1992-ல் வெளியான ஆய்வில், 48 மருத்துவ மாணவர்களுக்குப் பரீட்சை நேரத்திலேயே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார்கள். முதல் டோஸிலேயே எதிர்ப்புப் பொருள் உருவானவர்கள், மற்றவர்களைவிட பதற்றம் குறைவாக இருந்தவர்கள்.

1996-ல் வந்த ஆய்வு இன்னும் முக்கியம். மறதி நோய் வந்த கணவன் அல்லது மனைவியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 32 முதியவர்களுக்கு ஃப்ளூ ஊசி போடப்பட்டது. எதிர்ப்புப் பொருள் 4 மடங்கு உயர்ந்தது 38 சதவீதம் பேருக்குத்தான். அந்தச் சுமை இல்லாதவர்களில் 66 சதவீதம்.

ஏன் இப்படி? கவலை மாதக்கணக்கில் நீடித்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் ஓயாமல் சுரக்கும். எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கும் செல்களின் வேகத்தை அது மட்டுப்படுத்தும். தூக்கம் கெட்டால் பாதிப்பு இன்னும் கூடும். ஒருநாள் வீட்டுச் சண்டையை இதோடு சேர்க்க வேண்டாம். நாள்பட்ட கவலைதான் இங்கே கணக்கு.

அதற்காக ஊசியைத் தள்ளிப்போடலாமா? கூடாது. எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் குறைவாக வருவது வேறு, வராமலே போவது வேறு. டிடி ஊசியோ பூஸ்டர். சின்ன வயதில் போட்ட ஊசிகளை உடம்பு ஏற்கனவே ஞாபகம் வைத்திருக்கும்.

உண்மையில் அதிக சேதம் செய்வது பயம். 2021 ஏப்ரல் 15-ல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக், 17-ம் தேதி மாரடைப்பால் இறந்தார். ஊசி காரணமில்லை என மத்திய ஆய்வுக்குழு பிறகு சொன்னது. அதற்குள் வதந்தி ஊர் ஊராகப் போய்விட்டது.

ஊசியைப் பார்த்ததும் தலைசுற்றி மயங்குவதும் பதற்றத்தால் வருவதுதான். மருந்தின் கோளாறு அல்ல. பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பாதீங்க. போட்டதும் எழுந்து ஓடவிடாமல் அரை மணி நேரம் உட்கார வையுங்க. முந்தைய முறை மயங்கியிருந்தால் நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லுங்க, படுக்க வைத்தே போடுவாங்க.