ஏற்காடு சாலையில் ஒரு தொலைந்த காப்பியம்

தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் எங்கே எடுக்கப்பட்டது என்று கேட்டால், நண்பர்கள் பலரும் யோசிக்காமல் கோடம்பாக்கம் என்கிறார்கள். இல்லை, சேலம். 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஏற்காடு அடிவாரத்து மாடர்ன் தியேட்டர்ஸில் உருவானது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938), முதல் வண்ணப் படம் 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) இரண்டையும் தயாரித்ததும் இதே நிறுவனம்தான். இதைச் சொன்னால் சேலத்துக்காரர்களே "அப்படியா?" என்று கேட்கிறார்கள். எனக்கு உறுத்துவது அந்த "அப்படியா"தான்.

டி. ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். அதுவரை திருச்செங்கோடும் நாமக்கல்லும் சேலம் ஜில்லாவுக்குள் இருந்தவை. ஜவுளிக் குடும்பத்துப் பிள்ளை, இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தார். தமிழ்ப் பேசும்படம் எடுக்க அப்போது பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ கூட்டத்தோடு ரயில் ஏற வேண்டும். நடிகர், பாடகர், சமையல்காரர் எல்லாரையும் கட்டியிழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவானேன்? சேலத்திலேயே ஸ்டூடியோ கட்டினார். முதல் படம் 'சதி அகல்யா' 1937-இல் வெளிவந்தது. அதே காலத்தில் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் எழுந்தது. தமிழ் சினிமாவின் இளமையில் ஒரு பாதி, நூலும் துணியும் சம்பாதித்த கொங்குப் பணத்தில் வளர்ந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

அந்த ஸ்டூடியோ ஏறக்குறைய ஒரு மில் மாதிரி நடந்தது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். நடிகருக்கும் எழுத்தாளருக்கும் மாதச் சம்பளம். முதலாளியின் கண்டிப்பைப் பற்றி ஊரில் இன்னும் கதை கதையாகச் சொல்வார்கள். பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்ட 'உத்தம புத்திரன்' (1940), எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் சேர்ந்த 'மந்திரி குமாரி' (1950), அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டாக எடுத்த 'தி ஜங்கிள்' (1952) என்று நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் இருந்த என் அம்மாயிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "சுந்தரம் மொதலாளி படம்னா வண்டி கட்டிட்டுப் போயிப் பாப்பம் கண்ணு" என்பார், அவ்வளவுதான். நடிகர் பெயரைச் சொல்லாமல் முதலாளி பெயரைச் சொல்லிப் படம் பார்த்த தலைமுறை அது.

இலக்கியம் படிக்கிற நமக்கு இதில் இன்னொரு சுவாரசியம் இருக்கிறது. 'மந்திரி குமாரி'யின் மூலக்கதை குண்டலகேசி. இரண்டு வருஷம் கழித்து, பாரதிதாசன் வசனத்தில் 'வளையாபதி' வந்தது. ஐம்பெருங்காப்பியங்களில் முழுசாகக் கிடைக்காமல் போனவை இந்த இரண்டும்தான். குண்டலகேசியில் 19 பாடல்கள், வளையாபதியில் 72 பாடல்கள் மட்டுமே மிச்சம். ஓலையில் தொலைந்த இரண்டு கதைகளுக்கும் ஃபிலிமில் உயிர் கொடுத்த இடம் சேலம்.

1963-இல் சுந்தரம் மறைந்தார். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என ஜெய்சங்கரின் துப்பறியும் படங்கள் ஓடின. ஆனால் அதற்குள் நடிகர்கள், லேப், விநியோகஸ்தர் எல்லாம் சென்னையில் குவிந்துவிட்டார்கள். மாதச் சம்பளத்துக்கு நட்சத்திரங்கள் வெளியூர் வந்து தங்குகிற காலமும் முடிந்துவிட்டது. 1980களில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓய்ந்தது. தளங்கள் இருந்த இடத்தில் இன்று வீடுகள். அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு போகிறவர்கள் அந்த முகப்பு வளைவை மட்டும் பார்க்கலாம். பலர் அதன் முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டு மலையேறுகிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன்.

வளைவைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது போதுமா? குண்டலகேசிப் பாட்டும் வளையாபதிப் பாட்டும் நம் கைக்கு வந்தது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். உரையாசிரியர்கள் போகிற போக்கில் மேற்கோள் காட்டினார்கள். புறத்திரட்டைத் தொகுத்தவர் தனக்குப் பிடித்த பாடல்களை எடுத்துச் சேர்த்து வைத்தார். யாரோ சிலர் எடுத்து எழுதி வைத்ததுதான் தப்பியது, மற்றது போய்விட்டது.

மாடர்ன் தியேட்டர்ஸுக்கும் ஒரு புறத்திரட்டு வேண்டும். செட்டுக்குப் பலகை அடித்த ஆசாரியின் பிள்ளைகள், கூட்டக் காட்சியில் நின்றவர்கள், லேப்பில் ஃபிலிம் கழுவியவர்கள் சேலத்துத் தெருக்களில் இருப்பார்கள். பரணில் பாட்டுப் புத்தகமும் நோட்டீஸும் சம்பளச் சீட்டும் கிடக்கும். அவற்றைக் கேட்டு வாங்கி ஸ்கேன் செய்யவும், பெரியவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்யவும் ஒரு செல்போன் போதும். சென்னைக்கு அவளுடைய வரலாற்றை எழுத நூறு பேர் இருக்கிறார்கள். சேலத்துக்கு நாம்தான் எழுத வேண்டும், அதுவும் 'கூட்டக் காட்சியில் நின்றேன்' என்று சொல்ல ஒருவராவது இருக்கும்போதே.