சுவரை உடைக்காமலே உள்ளே இருக்கும் பழுதைப் பார்க்க முடியுமா?

2021 டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியேறியதால் மக்கள் உயிர் தப்பினர். சரி, கண்ணுக்குத் தெரியாத விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு ஒரு வழிதான் மைக்ரோவேவ் வெப்பப் படம். மைக்ரோவேவ் அடுப்பில் சாப்பாடு சூடாவது மாதிரி, அலைகளைப் பாய்ச்சினால் கான்கிரீட்டில் ஈரமான இடம் அதிகம் சூடாகும். உள்ளே பிளவோ வெற்றிடமோ இருந்தால் வெப்பம் சீராகப் பரவாது. இந்த வித்தியாசத்தை இன்ஃப்ராரெட் கேமரா படமாகக் காட்டிவிடும்.

இந்த முறை இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் இருக்கு. அதனால உங்க வீட்டுக் கூரையில் பூச்சு உப்பி உதிர்ந்தால், மேல்பூச்சோடு விட்டுடாதீங்க. கான்கிரீட்டின் உறுதிக்கு ரீபவுண்ட் சுத்தியல், உள்விரிசலுக்கு அல்ட்ராசோனிக், கம்பித் துருவுக்கு ஹாஃப் செல் என இப்போதே புழக்கத்தில் உள்ள சோதனைகளைக் கேளுங்க. இவற்றுக்கும் சுவரை இடிக்க வேண்டியதில்லை.