கயிற்றால் தைத்த கப்பலும் அதைத் திருத்தத் தெரிந்த கைகளும்

நம்மட ஊர்ல முஸ்லிம்களின் வரலாறு எண்டு பேச்செடுத்தா, "அரபு வியாபாரிகள் மரக்கலத்துல வந்தாங்க" எண்ட வரியோடதான் கதை தொடங்கும். எப்ப வந்தாங்க, எங்க கலியாணம் முடிச்சாங்க எண்டு விடிய விடிய வாதாடுவோம். அந்த மரக்கலம் நடுவழியில உடைஞ்சா என்ன செய்தாங்க எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை.

1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுக்கு அருகே, கடலடியில் 9ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று கிடைத்தது. உள்ளே சுமார் 60,000 சீனப் பாத்திரங்கள். ஆனால் கப்பல் சீனாவில் கட்டியதல்ல. பலகைகளில் துளை போட்டுக் கயிற்றால் தைத்திருந்தார்கள். அது அரபிக்கடல் பக்கத்து முறை.

ஆணி இருக்க ஏன் கயிறு? 1344இல் மாலைதீவிலிருந்து இங்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா இதற்குக் காரணம் எழுதியிருக்கிறார். பாறையில் மோதினால் ஆணி அடித்த கப்பல் சிதறிவிடும். தைத்த கப்பல் நெளிந்து கொடுக்கும். அவர் சொல்லாத இன்னொரு வசதியும் உண்டு. ஆணி துருப்பிடித்தால் இரும்பும் கொல்லனும் வேண்டும். கயிறு இத்துப்போனால் தென்னை நிற்கிற எந்தக் கரையும் போதும்.

வேலை இப்படித்தான் நடக்கும். கப்பலைக் கரையில் ஏற்றி, இத்த தையலை வெட்டி எடுப்பார்கள். பழைய துளைகளைத் துப்புரவாக்கி, பலகைகள் சேரும் இடத்தில் தும்பை வைத்து, புதுக் கயிற்றை இழுத்துத் தைப்பார்கள். பிறகு துளைகளை அடைப்பார்கள். கப்பலின் அடியை மரம் துளைக்கும் புழு தின்னாமலிருக்க, சுண்ணாம்பையும் ஆட்டுக் கொழுப்பையும் குழைத்துப் பூசுவார்கள். சென்னையில் துறைமுகம் கட்டுமுன், அலையைத் தாண்டி ஆட்களை ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளும் தைத்தவைதான். அவற்றைப் பிரித்துத் திரும்பத் திரும்பத் தைத்தார்கள். நம் நாட்டின் தென்மேற்குக் கரையில் கரைவலைக்குப் பாவித்த 'பாருவ' படகும் அதே குடும்பம்.

இதெல்லாம் நடக்கிற கதையா எண்டு கேட்பீங்க. பெலிதுங் கப்பலைப் பார்த்து ஓமானில் 'ஜுவல் ஒஃப் மஸ்கட்' என்ற 18 மீட்டர்க் கப்பலை ஆணியில்லாமல் கட்டினார்கள். 2010 பெப்ரவரியில் அது மஸ்கட்டிலிருந்து புறப்பட்டது. வழியில் பாய்மரங்களில் வெடிப்பு. காலியில் நிறுத்தி, இலங்கைக் காட்டு மரங்களை வெட்டி, யானையால் இழுப்பித்து, புதிய பாய்மரங்கள் செதுக்கி நட்டார்கள். ஜூலையில் கப்பல் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது.

இதை யோசிச்சுப் பாருங்க. பழுது வந்தால் கப்பல் நிற்கும். காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் எப்படியும் நிற்கத்தான் வேண்டும். மரம், கயிறு, சுண்ணாம்பு, கைகள் எல்லாம் கரையில் இருக்கிறவர்களிடம் வாங்க வேண்டும். விலை பேச மொழி வேண்டும். வியாபாரம் மட்டுமல்ல, திருத்த வேலையும் வந்தவரையும் இருந்தவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கும். நம்மட கதையில் வியாபாரிக்கு இருக்கிற இடம், அந்தக் கயிறு திரித்தவர்களுக்கு இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் வீடுகளோடு தோணிகளையும் கொண்டுபோனது. பிறகு உதவியாக வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் போட்கள். அவற்றின் வெடிப்பை உரஞ்சி, பாய் வைத்து, ரெசின் பூசி மீனவர்களே ஒட்டுகிறார்கள். கைப்பழக்கம் சாகவில்லை. ஆனால் ரெசின் கடையிலிருந்து வர வேண்டும், கடைக்குக் கப்பலில் வர வேண்டும். தென்னை நம்மட வளவிலேயே நின்றது.

தோணியின் ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு முடிச்சுக்கும் பேர் தெரிந்த மூத்தாப்பாமார் சிலர் இன்னும் இருக்கிறாங்க. அந்தச் சொற்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறவில்லை. போனில் ஒலிப்பதிவு செய்ய அரை மணித்தியாலம் போதும். கடற்கரைக்குப் போற அடுத்த பின்னேரம், படம் எடுக்கிறதோட அதையும் செய்யுங்க.