நாய்க்கடியில் உரிமையாளர் பொறுப்பு

நாய்க்கடியில் உரிமையாளர் பொறுப்பு என்பது, ஒருவர் வளர்க்கும் நாய் பொது இடத்தில் பிறர் ஒருவரைக் கடித்துவிடும்போது, அந்நாயின் உரிமையாளருக்கு அல்லது அதனைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவருக்கு ஏற்படும் சட்டக் கடமையைக் குறிக்கும். இந்தியாவில் இப்பொறுப்பு குற்றவியல் சட்டம், உரிமையியல் தீங்குச் சட்டம், உள்ளாட்சி விதிகள் ஆகிய மூன்று வழிகளில் எழுகின்றது. நாய்க்கடியை மட்டுமே பொருளாகக் கொண்ட தனிச்சட்டம் எதுவும் நாடு முழுமைக்கும் இயற்றப்படவில்லை.

நாய்க்கடி ஒரு காயம் மட்டுமன்று. வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) அதன் வழியாகப் பரவக்கூடும். நோய்க்குறிகள் தோன்றிய பின்னர் இந்நோய் ஏறத்தாழ எப்போதும் உயிரிழப்பிலேயே முடிகின்றது. தென்னிந்தியாவில் இந்நோய்க்கு எதிரான மருத்துவத்தின் வரலாறு நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில் தொடங்குகின்றது.

பண்டைய சட்டங்களில்

நாயின் செயலுக்கு அதன் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்து மிகப் பழமையானது. மெசொப்பொத்தேமியாவின் எசுனுன்னா நகரச் சட்டங்களில் (ஏறத்தாழ கிமு 18 ஆம் நூற்றாண்டு) இதுபற்றிய விதி காணப்படுகின்றது. நாய் கடிக்கும் இயல்புடையது என அதிகாரிகள் எச்சரித்த பின்னரும் உரிமையாளர் அதனைக் கட்டுப்படுத்தாமல் விட்டு, அது ஒருவரைக் கடித்துக் கொன்றால், அவர் 40 செக்கெல் வெள்ளி செலுத்த வேண்டும். இறந்தவர் அடிமையாயின் 15 செக்கெல் செலுத்தினால் போதுமானது. எச்சரிக்கை, அறிவு, கவனமின்மை என்று இன்றைய சட்டங்கள் கேட்கும் கேள்விகளையே இவ்விதியும் கேட்பது குறிப்பிடத்தக்கது.

உரோமானியச் சட்டத்தில், வளர்ப்பு விலங்கு தன் இயல்புக்கு மாறாகத் தீங்கு செய்தால், உரிமையாளர் இழப்பீடு தரவேண்டும் அல்லது அவ்விலங்கையே கடிபட்டவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி இருந்தது. உரோம-டச்சுச் சட்டத்தின் வழியாக இக்கோட்பாடு தென்னாப்பிரிக்காவில் இன்றும் நடைமுறையில் உள்ளது.

நீலகிரியும் வெறிநாய்க்கடி மருத்துவமும்

லூயி பாஸ்டர் 1885 இல் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தை முதன்முதலில் மனிதருக்குச் செலுத்தினார். இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900 இல் வட இந்தியாவின் கசௌலியில் (இன்றைய இமாச்சலப் பிரதேசம்) தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவில் கடிபட்டவர்கள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவைத் தொடர்வண்டியில் கடந்து அங்கு செல்ல வேண்டியிருந்தது. 1902 இல் வெறிநாயால் கடிபட்ட ஆங்கிலேய இளம்பெண் ஒருவர், தெற்கில் மருத்துவ வசதி இல்லாத நிலையில் உயிரிழந்தார். தெற்கிலும் இத்தகைய நிறுவனம் தேவை என்ற கோரிக்கை இந்நிகழ்வுக்குப் பின்னர் வலுப்பெற்றது.

அமெரிக்கக் கொடையாளர் என்றி பிப்ஸ், அன்றைய அரசப் பிரதிநிதி கர்சனிடம் அளித்த பெருங்கொடையின் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டது. அதே கொடையின் மற்றொரு பகுதியைக் கொண்டு பீகாரின் பூசாவில் வேளாண் ஆய்வு நிறுவனம் அமைந்தது. தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் 1907 ஏப்ரல் 6 அன்று குன்னூரில் திறக்கப்பட்டது. 1977 இல் இது இந்திய பாஸ்டர் நிறுவனம் என்ற பெயரில் தன்னாட்சி அமைப்பானது.

ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்ட பழைய தடுப்பு மருந்து, வயிற்றுப் பகுதியில் பதினான்கு ஊசிகள் வரை போடப்பட்டது. நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் பக்கவிளைவுகளும் அதற்கு இருந்தன. இவ்வகை மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004 இறுதியுடன் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை உயிரணு வளர்ப்பு முறையில் செய்யப்படும் மருந்துகள் பெற்றன. இவை கையில் போடப்படுகின்றன. தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்ற அச்சத்தால் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவதற்கு இன்று காரணம் எதுவும் இல்லை.

குற்றவியல் பொறுப்பு

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289 ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதவாறு போதிய ஏற்பாடு செய்யத் தவறுவதைக் குற்றமாக்கியது. இதற்குத் தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் ஆகும். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவில் இது 291 ஆம் பிரிவாக உள்ளது. சிறைக்காலம் மாறவில்லை, தண்டத்தின் உச்ச அளவு 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இப்பிரிவில் கவனிக்க வேண்டியவை:

* சட்டம் 'உரிமையாளர்' என்று கூறவில்லை. விலங்கைத் 'தன் வசம்' வைத்திருப்பவர் என்றே கூறுகின்றது. எனவே நாயை நடைக்கு அழைத்துச் செல்லும் வேலையாளோ உறவினரோ கூடப் பொறுப்பாகலாம்.
* அறிந்தே விட்டிருக்க வேண்டும் என்பதில்லை. கவனமின்மையே போதுமானது.
* கடி நிகழ்ந்தது என்பது மட்டும் குற்றமாகாது. ஆபத்து நேரக்கூடும் என்ற நிலையில் தேவையான ஏற்பாட்டைச் செய்யாமையே குற்றமாகும்.
* காவல்துறை நீதிமன்ற ஆணையின்றியே வழக்குப் பதிந்து விசாரிக்கலாம். எனினும் இது பிணையில் விடத்தக்க குற்றமாகும்.

கவனமற்ற செயலால் காயம் நேர்ந்திருந்தால் 125 ஆம் பிரிவும், உயிரிழப்பு நேர்ந்திருந்தால் 106 ஆம் பிரிவும் சேர்க்கப்படலாம். முகம் நிலையாகச் சிதைதல், எலும்பு முறிதல், பதினைந்து நாட்கள் வழக்கமான வேலைகளைச் செய்ய இயலாதிருத்தல் போன்றவை கொடுங்காயம் என்ற வகையில் அடங்கும். பழைய சட்டத்தில் இக்கால அளவு இருபது நாட்களாக இருந்தது.

உரிமையியல் பொறுப்பு

மருத்துவச் செலவு, இழந்த ஊதியம், வலி ஆகியவற்றுக்கு இழப்பீடு பெறக் கடிபட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம். இந்திய நீதிமன்றங்கள் இதில் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் கோட்பாடுகளைப் பின்பற்றி வந்துள்ளன. அதன்படி விலங்குகள் இரு வகைப்படும். புலி, கரடி போன்ற காட்டு விலங்குகளை வைத்திருப்பவர் அவற்றால் நேரும் தீங்குக்கு எந்நிலையிலும் பொறுப்பாவார். நாய் போன்ற வளர்ப்பு விலங்குகளைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட அந்த விலங்கு கடிக்கும் இயல்புடையது என்பதை உரிமையாளர் அறிந்திருந்தார் என மெய்ப்பிக்க வேண்டும்.

இதனால் 'ஒவ்வொரு நாய்க்கும் முதற்கடி இலவசம்' என்று கூறப்படுவதுண்டு. ஆயினும் இக்கூற்று முழுமையாகச் சரியன்று. நாய் முன்னர் எவரையும் கடித்திராவிட்டாலும், ஆட்கள் மீது பாயும் வழக்கம் அதற்கு இருந்ததைக் காட்டினால் போதும். மேலும், நெரிசல் மிக்க சந்தையில் கட்டின்றி விடுதல் போன்ற கவனமின்மையைத் தனியே காட்டியும் வழக்குத் தொடரலாம்.

கடிபட்டவர் அத்துமீறி நுழைந்தார் என்பதும், நாயைச் சீண்டினார் என்பதும் உரிமையாளர் முன்வைக்கும் வழக்கமான எதிர்வாதங்கள். பொதுச்சாலையில் நடப்பவருக்கு அங்கு இருக்க முழு உரிமை உண்டு. ஆதலால் முதல் எதிர்வாதம் அங்கு எடுபடாது.

உள்ளாட்சி விதிகள்

விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 (இவை 2001 ஆம் ஆண்டு விதிகளின் இடத்தில் வந்தவை) வளர்ப்பு நாய்களின் தடுப்பூசி, இனப்பெருக்கக் கட்டுப்பாடு, உரிமம் ஆகியவற்றுக்கு உரிமையாளரே பொறுப்பு என்கின்றன. தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சியின் கடமையாகும். 2025 இல் பெருநகர சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமம் பெறுவதையும் மைக்ரோசிப் பொருத்துவதையும் கட்டாயமாக்கும் நடவடிக்கைகளை எடுத்தது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தவை

2024 மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. குழந்தைக்குத் தலையில் கடும் காயம் ஏற்பட்டது. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். 2025 ஆகத்து மாதத்தில் சென்னை சாபர்கான்பேட்டையில் பிட்புல் வகை நாய் தாக்கியதில் தெருவில் சென்ற ஒருவர் உயிரிழந்தார். நாயைத் தடுக்க முயன்ற அதன் உரிமையாளரும் காயமடைந்தார். வலிமை மிக்க நாயைக் கயிற்றில் பிடித்திருப்பது மட்டுமே போதிய ஏற்பாடு ஆகாது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

நீலகிரியில் நிலைமை

உதகமண்டலத்தில் பிரித்தானியர் காலம் முதலே நாய் வளர்ப்பு பரவலாக உள்ளது. வேட்டை நாய்க் கூட்டங்களும், கோடைக்காலத்தில் தென்னிந்திய கென்னல் கழகம் நடத்தும் நாய்க் கண்காட்சியும் இதன் அடையாளங்கள். உதகைக்கு அருகிலுள்ள உலகளாவிய கால்நடை மருத்துவ சேவை அமைப்பின் பயிற்சி மையத்தில் கால்நடை மருத்துவர்களுக்கு நாய்க் கருத்தடை அறுவையில் பயிற்சி தரப்படுகின்றது.

எனினும் மலைப்பகுதியில் பொறுப்பை உறுதிசெய்வதில் சில தனித்த இடர்கள் உள்ளன. தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் லைன் வீடுகளில் நாய்கள் பெரும்பாலும் கட்டப்படுவதில்லை. சிறுத்தை, காட்டெருமை, காட்டுப்பன்றி ஆகியவற்றின் வரவை அவை குரைத்து அறிவிக்கின்றன. கட்டிப் போட்ட நாய் சிறுத்தைக்கு எளிதில் இரையாகும் என்பதும் ஒரு காரணமாகும். இத்தகைய நாய்க்குப் பல வீடுகள் சோறிடும். ஆனால் அது ஒருவரைக் கடித்துவிட்டால் உரிமை கோர எவரும் முன்வருவதில்லை. உரிமமும் தடுப்பூசிப் பதிவும் இல்லாதபோது, நாய் யார் 'வசம்' இருந்தது என்பதை மெய்ப்பிப்பது கடினமாகின்றது. அதே குறுகிய தோட்டப் பாதைகளிலேயே தொழிலாளரும் பள்ளிப் பிள்ளைகளும் நடக்க வேண்டியுள்ளது.

சுற்றுலாப் பயணிகளின் நிலை வேறானது. கடித்த நாயைப் பத்து நாட்கள் கண்காணிப்பது மருத்துவ முறையில் முக்கியமானது. அந்நாட்களில் நாய் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் உமிழ்நீரில் நோய் நச்சுயிரி இல்லை எனக் கொள்ளலாம். இரண்டொரு நாளில் ஊர் திரும்பும் பயணிக்கு இத்தகவல் கிடைக்க வேண்டுமாயின், உரிமையாளர் தன் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தந்திருக்க வேண்டும். ஆகவே, கடித்தவுடன் நாயுடன் நழுவிச் செல்லும் உரிமையாளர் இழப்பீட்டைத் தவிர்ப்பதோடு நிற்பதில்லை. கடிபட்டவரின் மருத்துவத்துக்குத் தேவையான தகவலையும் மறைத்துவிடுகின்றார்.

உரிமையாளர் இல்லாத நாய்கள்

தெருநாய் கடித்தால் பொறுப்பு அரசின் மீதும் உள்ளாட்சியின் மீதும் சாரும் எனப் பல தீர்ப்புகள் கூறுகின்றன. 2023 நவம்பரில் பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம், பதிந்த ஒவ்வொரு பல்தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாயும், சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 செண்டிமீட்டர் காயத்துக்கும் குறைந்தது 20,000 ரூபாயும் இழப்பீடாக வரையறுத்தது. தொகையை அரசு முதலில் வழங்கி, தவறிழைத்த அமைப்பிடமோ தனியாளிடமோ மீட்டுக்கொள்ளலாம். இத்தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. 2025 ஆகத்து 22 அன்று உச்சநீதிமன்றம், வெறிநோயுள்ளவை, மூர்க்கமானவை நீங்கலாக ஏனைய தெருநாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுமாறு ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து அவற்றை அகற்றவும் உத்தரவிட்டது.

பிற நாடுகளில்

* செருமனி: இன்பத்துக்காக வளர்க்கும் விலங்கினால் நேரும் தீங்குக்கு, தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உரிமையாளர் பொறுப்பாவார் (உரிமையியல் சட்டத்தொகுப்பு, பிரிவு 833).
* கலிபோர்னியா: பொது இடத்தில் நாய் கடித்தால், அது முன்பு கடித்ததா என்ற கேள்வியே எழுவதில்லை.
* இங்கிலாந்து: 1991 ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டப்படி, பொது இடத்தில் நாயை ஆபத்தான முறையில் கட்டுப்பாடின்றி விடுவது குற்றமாகும். 2014 முதல் இது தனியார் இடங்களுக்கும் பொருந்துகின்றது.
* தென்னாப்பிரிக்கா: தெருவில் சென்ற தோட்டத் தொழிலாளர் ஒருவர் மூன்று நாய்கள் தாக்கியதில் கையை இழந்தார். எவரோ வாயிற்கதவின் பூட்டை உடைத்ததாலேயே நாய்கள் வெளியேறின என்ற எதிர்வாதத்தை 2020 இல் மேன்முறையீட்டு உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்தியச் சட்டம் உரிமையாளரின் தவறை மெய்ப்பிக்கும் சுமையைக் கடிபட்டவர் மீது வைப்பதால், இவற்றுடன் ஒப்பிடுகையில் உரிமையாளருக்குச் சாதகமானது எனலாம்.

கடி நிகழ்ந்தபின் செய்ய வேண்டியவை

1. காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடங்கள் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் போன்றவற்றைத் தடவக் கூடாது.
2. காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்காணிப்பு முடியும் வரை தடுப்பூசிக்காகக் காத்திருக்கக் கூடாது. இரத்தம் கசியும் காயமாயின் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும்.
3. நாயின் உரிமையாளரது பெயர், முகவரி, தடுப்பூசிச் சான்று ஆகியவற்றைப் பெற வேண்டும்.
4. காயத்தின் ஒளிப்படங்கள், மருத்துவச் சீட்டுகள், சாட்சிகளின் விவரங்கள் ஆகியவற்றைப் பாதுகாத்து, காவல்நிலையத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் எழுத்துமூலம் முறையிடலாம்.
5. சினத்தில் நாயை அடித்துக் கொல்லக் கூடாது. அது தண்டனைக்குரிய குற்றம் என்பதோடு, பத்து நாள் கண்காணிப்புக்கான வாய்ப்பையும் இல்லாமல் செய்துவிடும்.

இவற்றையும் பார்க்கவும்

* வெறிநாய்க்கடி நோய்
* இந்திய பாஸ்டர் நிறுவனம், குன்னூர்
* பாரதிய நியாய சன்கிதா
* நீலகிரி மாவட்டம்