இரண்டு நேரம் காட்டிய மணிக்கூடுகள்

எங்கட பக்கத்தில் சுவரில் தொங்குவதும் மணிக்கூடுதான், கையில் கட்டுவதும் மணிக்கூடுதான். ஈச்சிலம்பற்றுக்குப் படிப்பிக்கப் போய்வந்த காலத்தில் பழைய கைமணிக்கூடுகளைச் சேர்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. ஆசிரியச் சம்பளத்தில் சுவிஸ் மணிக்கூடு வாங்க ஏலாது. லாச்சிக்குள் ஓடாமல் கிடந்தவை, திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுக்காதவை, பட்டி அறுந்தவை, கண்ணாடி வெடித்தவை என்று மலிவாகக் கிடைத்தவையே என் சேகரம். "ஓடாத மணிக்கூட்ட வெச்சி என்ன சேர் செய்யப் போறீங்க?" என்று ஒரு மாணவன் கேட்டான். அன்றைக்குச் சிரித்துச் சமாளித்தேன். அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

நேரம் பார்ப்பது முஸ்லிம்களுக்கு இபாதத்தோடு சேர்ந்த காரியம். பொருளின் நிழல் அதன் உயரத்தளவு நீண்டால், நண்பகல் நிழலைக் கழித்து, ஷாபிஈ மத்ஹபின்படி அஸர் நுழைந்துவிடும். இந்தக் கணக்கைப் பார்ப்பதற்கென்றே 13ஆம் நூற்றாண்டு எகிப்தில் மம்லூக்குகளின் காலத்தில் பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்னும் பதவி உருவானது. டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் அப்பணியைச் செய்த இப்னு ஷாத்திர் 14ஆம் நூற்றாண்டில் அங்கே பெரிய சூரியக் கடிகாரம் ஒன்றை அமைத்தார். 16ஆம் நூற்றாண்டில் தகீயுத்தீன் இயந்திர மணிக்கூடுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். நம்முடைய பாடநூல்கள் இதுவரைக்கும் சொல்கின்றன. சாதாரண முஸ்லிமின் கைக்கு மணிக்கூடு எப்படி வந்தது என்பதை அவை சொல்வதில்லை. அந்தக் கதையை மணிக்கூடுகளிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

என்னிடமுள்ள சீக்கோ 5 ஒன்றின் கிழமைச் சாளரத்தில் ஆங்கிலமும் அறபும் மாறிமாறி வரும். வெள்ளிக்கிழமையன்று 'அல்ஜும்ஆ' என்று காட்டும். இது மத்திய கிழக்குச் சந்தைக்கென்று செய்யப்பட்டது. அதே காலத்து இந்திய எச்.எம்.டி. மணிக்கூடுகள் சிலவற்றில் கிழமை இந்தியில் இருக்கும். ஆக, கிழமைத் தட்டைப் பார்த்தால் மணிக்கூடு எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பது தெரிந்துவிடும். எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதைப் பின்மூடி சொல்லும். சீக்கோவின் பின்மூடியிலுள்ள தொடரிலக்கத்தின் முதல் எண் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது எண் மாதம். '83' என்று தொடங்கினால் 1978 மார்ச்சாக இருக்கலாம், 1988 மார்ச்சாகவும் இருக்கலாம். எந்தப் பத்தாண்டு என்பதை உள்ளேயுள்ள இயந்திரத்தின் மாதிரி இலக்கத்தைக் கொண்டு தீர்மானிக்கலாம்.

1970களின் முற்பகுதியில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. மணிக்கூடு அப்போது மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பொருள். வாப்பா கட்டியதை மகன் கட்டுவான். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. அதே காலத்தில் உலகிலும் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1969 டிசம்பர் 25இல் சீக்கோ வெளியிட்ட முதல் குவாட்ஸ் கைமணிக்கூட்டின் விலை 450,000 யென். ஒரு சிறிய காரின் விலை அது. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் அந்தத் தொழில்நுட்பமே மணிக்கூட்டை உலகின் மலிவான பொருட்களில் ஒன்றாக்கிவிட்டது. சுவிற்சர்லாந்தில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். கிழக்கிலங்கையில் பள்ளிக்கூடப் பிள்ளையின் கையிலும் மணிக்கூடு ஏறியது.

எங்கள் ஊர்களுக்கு அது பெரும்பாலும் கடைவழியாக வரவில்லை, அரபு நாட்டுக்கு உழைக்கப் போனவர்களின் பெட்டியில் வந்தது. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து தொழிலுக்காக வெளிநாடு போனவர்களில் நாலில் மூன்று பங்கினர் பெண்கள். வீட்டு வேலைக்குப் போன உம்மாமார் இரண்டு வருடம் கழித்து வரும்போது மகனுக்கு ஒரு கெஸியோ, மாப்பிள்ளைக்கு ஒரு சீக்கோ, மச்சானுக்கு ஒரு சிட்டிசன். அந்தப் பெண்களின் உழைப்பைப் பற்றி ஊரில் எந்தப் பதிவேடும் இல்லை. மூதூரிலிருந்து 2005இல் போன றிஸானா நபீக் 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் மரண தண்டனைக்கு உள்ளானதால் அவருடைய பெயரை உலகம் அறிந்தது. மற்றவர்களின் பெயர் அவர்கள் கொண்டுவந்த பொருட்களோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "இது ராத்தா குவைத்திலரிந்து கொண்டுவந்தது" என்று ஒருவர் மணிக்கூட்டை நீட்டும்போது, அந்த ஒரு வசனந்தான் அந்த ராத்தாவின் வரலாறு.

இனி, ஈச்சிலம்பற்றோடு நேராகச் சம்பந்தப்பட்ட விடயம். 1996இல் நாட்டில் மின்சாரத் தட்டுப்பாடு வந்தது. மே 25ஆம் திகதி அரசாங்கம் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலத்தைப் பின்னே இழுத்தது. மிஞ்சிய அரை மணித்தியாலம் பத்து வருடம் நிலைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே 'பழைய நேரம்', இங்கே 'புதிய நேரம்'. 2002 போர்நிறுத்தக் காலத்தில் ஈச்சிலம்பற்று புலிகளின் பக்கம், மூதூர் நகரம் அரசாங்கத்தின் பக்கம். இரண்டுக்கும் இடையில் போய்வந்தவர்கள் காவலரண்களோடு அரை மணித்தியாலத்தையும் கடந்தார்கள். இங்கே பத்து மணியென்றால் அங்கே ஒன்பதரை.

தொழுகை மாத்திரம் எந்தப் பக்கமும் சேரவில்லை. பழைய நேரத்தின் கணக்கு 82.5 பாகை நெடுங்கோட்டுக்குரியது. திருகோணமலை ஏறத்தாழ 81.2 பாகையில் இருப்பதால் சூரியன் சராசரியாக 12.05க்கு உச்சியைக் கடக்கும். புதிய நேரத்தில் அது 12.35. 1996இன் அந்த ஐந்து மாதங்களில் 1 மணியும் தாண்டிற்று. லுஹருடைய வக்து அசையவில்லை. அசைந்தவை பள்ளிவாசல் அட்டவணையும் முள்ளும்தான். இரு பக்கமும் வயலும் வியாபாரமும் இருந்தவர்களுக்கு முள்ளைத் திருப்புவது மனக்கணக்காகிவிட்டது. "மணிக்கூட்டத் திருப்பினா கூடு கழண்டுடும், மனசால கழிச்சிக்குவோம்" என்றார் தோப்பூரில் எனக்கொரு சிட்டிசனைத் தந்த பெரியவர்.

2006 ஏப்ரல் 15ஆம் திகதி நாடு மீண்டும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இரண்டு நேரமும் ஒன்றாகின. நாலு மாதம் முடியவில்லை, ஆகஸ்ட் தொடக்கத்தில் மூதூரில் சண்டை மூண்டது. முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் ஈச்சிலம்பற்றின் தமிழ் மக்கள் வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். இரு சாராரும் திரும்பி வந்தபோது வீட்டில் இருந்தது இல்லாமல் போயிருந்தது, கையில் கட்டியிருந்தது மிஞ்சியிருந்தது. பெட்டி, அலுமாரி, உறுதி, படம் எல்லாம் போன வீடுகளில் மணிக்கூடு தப்பியதற்குக் காரணம் இவ்வளவுதான்.

கையில் கட்டியிருந்ததே குற்றமான இடமும் உண்டு. 1989 முதல் விற்கப்படும் கெஸியோ எஃப் 91 டபிள்யூ உலகின் மலிவான மணிக்கூடுகளில் ஒன்று. குவாண்டனாமோ கைதிகளைப் பற்றி 2011இல் வெளியான அமெரிக்க ஆவணங்களில் அந்த மாதிரி ஒரு சந்தேக அடையாளமாகக் குறிக்கப்பட்டிருந்தது. கோடிக்கணக்கானோர் கட்டும் பொருள் ஒரு முஸ்லிமின் கையில் ஏறியதும் சாட்சியமாகிவிட்டது. நம்முடைய பொருட்களின் கதையை நாம் எழுதாவிட்டால் மற்றவர்கள் எழுதுவார்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சேகரிக்க விரும்புவோருக்கு என் அனுபவத்தில் சில வார்த்தை. மலிவுச் சந்தையில் புதுசாக மினுங்கும் பழைய சீக்கோக்கள் பெரும்பாலும் முகத்தட்டு மீளப் பூசப்பட்டவை. மங்கிய அசலே நல்லது. குவாட்ஸ் மணிக்கூட்டை வைத்திருப்பதானால் பற்றரியைக் கழற்றிவிட வேண்டும், கசிந்தால் உள்ளே அரித்துவிடும். கீறலைத் தேய்க்க வேண்டாம். எல்லாவற்றிலும் முக்கியமாக, வாங்கும்போதே ஒரு கொப்பியில் எழுதிவிட வேண்டும். யார் கொண்டுவந்தது, எந்த நாட்டிலிருந்து, எந்த வருடம், யாருக்கு, எப்போது நின்றது. இதற்குக் காசு செலவில்லை. இந்த நாலு வரி இல்லாத மணிக்கூடு வெறும் இரும்பு.

என் கொப்பியில் இப்போது முப்பத்தொரு பதிவு இருக்கிறது. முஸ்லிம் வீடுகளிலிருந்து வந்தவையும் ஈச்சிலம்பற்றுத் தமிழ் வீடுகளிலிருந்து வந்தவையும் ஒரே பெட்டியில்தான் கிடக்கின்றன. அவற்றில் பதினெட்டைக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். அவர்களில் ஆறு பேருடைய பெயர், தந்தவர்களுக்கே ஞாபகமில்லை. 'மாமி', 'பெரியம்மா' என்றுதான் சொன்னார்கள். உங்கள் வீட்டு லாச்சியிலும் ஒரு மணிக்கூடு கிடக்கக்கூடும். கொண்டுவந்தவர் ஹயாத்தோடு இருக்கும்போதே பெயரைக் கேட்டு எழுதிவிடுங்கள்.