இறப்பர் மலைகளில் ஒரு போர்க்கால ஜீப்

அவிசாவளையிலிருந்து யட்டியந்தோட்டைக்குச் செல்லும் வீதியில், களனி கங்கையை அண்டியிருக்கும் ஒரு கராஜில் அண்மையில் ஒரு முழுப் பிற்பகலைக் கழிக்க நேர்ந்தது. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகள் அலைந்தவனுக்கு கராஜ்கள் புதியவையல்ல. ஆனால் பெரும்பாலும் வாகனம் நடுவழியில் நின்றுவிட்ட பிறகுதான் அங்கே போயிருக்கிறேன். இம்முறை போன காரணம் வேறு. எஹலியகொடையைச் சேர்ந்த சிங்கள வர்த்தகரான நெடுநாள் நண்பர் ஒருவர், கைவிடப்பட்டுக் கிடந்த ஜீப் ஒன்றை வாங்கி, அதை அதன் பிறந்த கோலத்துக்கே கொண்டுவரும் வேலையில் இறங்கியிருந்தார். வந்து பார்க்கும்படி பலமுறை அழைத்திருந்தார்.

சேஸி ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கமாக அந்த வாகனம் பிரிந்து கிடந்தது. நண்பர் என்னை முதலில் அழைத்துச் சென்றது சேஸியின் முன்பக்கத்துக்கு. குறுக்காகச் செல்லும் முதல் இரும்பு உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ் செய்த ஜீப்; கவிழ்த்துவைத்த தகரப் பீலிபோல இருந்தால் ஃபோர்ட் செய்தது. இது ஃபோர்ட். சந்தேகம் இருந்தால் போல்ட்டுத் தலைகளைப் பாருங்கள் என்று கைவிளக்கைப் பிடித்தார். துருவுக்கு அடியில் ‘எஃப்’ என்ற எழுத்து தெரிந்தது. தமது தொழிற்சாலையில் செய்த சிறு பாகங்களிலும் ஃபோர்ட் நிறுவனம் அந்த எழுத்தைப் பொறித்திருந்தது. முன்முகப்பில் ஒன்பது நீள்துளைகள்; போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த வில்லிஸ் ஜீப்பில் ஏழுதான். பழைய சிலைகளின் காலத்தைக் கணிக்கும் தொல்லியலாளர்கள் ஆடை மடிப்புகளை எண்ணுவதுபோல இவர்கள் துளைகளை எண்ணுகிறார்கள்.

இந்த வாகனத்தின் பிறப்பே ஓர் அவசரத்தின் கதை. 1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களிடம் இலகுவான, நான்கு சக்கரங்களாலும் இழுக்கக்கூடிய சிறு வாகனம் ஒன்றைக் கேட்டது. மாதிரியைக் கையளிப்பதற்குக் கொடுத்த அவகாசம் 49 நாட்கள். பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் கடன்பட்டுக் கிடந்த பாண்டம் என்ற சிறிய கம்பனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியியலாளரைக் கொண்டு வரைபடம் தயாரித்து, செப்டெம்பர் 23ஆம் திகதி மாதிரியை ஒப்படைத்துவிட்டது. ஆனால் தேவைப்படும் எண்ணிக்கையைச் செய்யும் வலு அதற்கில்லை என்று கூறிப் பெரிய ஒப்பந்தங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். யோசித்தவன் ஒருவன், சம்பாதித்தவன் இன்னொருவன். தொழிற்றுறையில் இது புதிதன்று. போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் உருவாகின. 2.2 லீற்றர் பெற்றோல் எஞ்சின், அறுபது குதிரைவலு, மூன்று கியர், ஆறு வோல்ட் மின்சாரம், சாரதியின் ஆசனத்துக்கு அடியிலேயே எரிபொருள் தாங்கி. உயிரைப் பற்றி அதிகம் யோசியாமல் செய்த வண்டி என்பது அந்த ஆசனத்தில் அமர்ந்தாலே விளங்கும்.

இலங்கைக்கும் இந்தப் போர் வந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின் திருகோணமலையை. 1944 ஏப்ரலில் மவுன்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு மாற்றினார். அரச மரங்களுக்கும் ஓர்க்கிட் பூக்களுக்கும் நடுவே தட்டச்சுப் பொறிகளும் ஜீப்புகளும் வந்து சேர்ந்தன. கண்டி, கேகாலை, கொழும்பு வீதி இராணுவ வீதியாயிற்று. போர் முடிந்ததும் எஞ்சிய வாகனங்கள் விலைப்பட்டன. மலைப்பாதை ஏறக்கூடிய வண்டிக்கு முதல் வாடிக்கையாளர் தோட்டமாக இருந்ததில் வியப்பில்லை.

இவ்வளவும் நண்பர் எனக்குச் சொன்னவை, அல்லது அவர் சொல்லத் தொடங்கி நான் தெரிந்து வைத்திருந்தவை. நான் அவருக்குச் சொன்ன ஒரு விடயம் உண்டு. அது சக்கரங்களைப் பற்றியது.

தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த இறப்பர் விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைத்து, 1876இல் கன்றுகளாக கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைக்கு வந்தன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு அந்தப் பூங்கா ஒரு தாய்வீடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகள் இறப்பராக மாறின. தேயிலைக்கு வந்ததுபோலவே இதற்கும் தென்னிந்தியாவிலிருந்து எம்மவர் வந்தனர். 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பானியரிடம் போக, உலக இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளுக்கு இல்லாமற் போனது. மிச்சமிருந்தவற்றில் மிகப் பெரியது இலங்கை. ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தொன் இறப்பர் இச்சிறு தீவிலிருந்து போயிற்று. அமெரிக்காவில் செயற்கை இறப்பர் பெருமளவில் வரும்வரை, விமானத்துக்கும் லொறிக்கும் ஜீப்புக்கும் சக்கரம் போட இந்தப் பால் வேண்டியிருந்தது.

அந்தப் பாலை எப்படி எடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வழமையாக ஒரு மரத்தை ஒரு நாள் வெட்டினால் மறுநாள் ஓய்வு கொடுப்பார்கள். பட்டை மீண்டும் வளர இடம் விடுவார்கள். போர்க்காலத்தில் தெரிவு செய்யப்பட்ட பழைய காணிகளில் அந்த ஒழுங்கு கைவிடப்பட்டது. ஒரே மரத்தில் பல வெட்டு, இடைவிடாத வெட்டு, மரம் வற்றிச் சாகும்வரை வெட்டு. ஆங்கிலத்தில் அதற்கு ‘கொலைவெட்டு’ என்று பொருள்படும் பெயரையே வைத்திருந்தார்கள். கேகாலை மாவட்டத் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் அப்பாயிக்கு அந்தப் பெயர் தெரியாது. “அந்தச் சண்டைக் காலத்துல மரத்துக்கும் லீவு இல்ல, எங்களுக்கும் லீவு இல்ல” என்று மட்டும் சொல்வார். இருட்டோடு மலையேறி, கத்தியால் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடிந்ததை வெயில் ஏறுமுன் வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று வெளியிலிருந்து கூட்டிவரவும் வழியில்லை. 1939 ஓகஸ்டிலேயே இந்திய அரசு இலங்கைக்குத் தோட்டத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்துவிட்டது. இருந்த கைகளே எல்லாவற்றையும் செய்தன.

எந்த ஜீப்பின் எந்தச் சக்கரத்தில் எந்த மலையின் பால் போனது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆனாலும் இந்த வண்டியை ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்று சொல்லும்போது என் மனம் ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறது.

இதே வீதியில் இன்னும் மேலே போனால் கித்துள்கல. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலத் திரைப்படத்துக்காகப் பாலம் கட்டி உடைத்த இடம். இன்றும் சுற்றுலாப் பயணிகளை அங்கே அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். அந்தச் சயாம் மரண ரயில்பாதையில் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் மாண்டார்கள். அதைப்போலப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர் மாண்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர். படத்தில் அவர்களைத் தேடிப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். இறப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே எடுத்த படம் என்பதுதான் இதில் இன்னும் உறுத்தும் செய்தி.

மீண்டும் கராஜுக்கு வருவோம். போருக்குப் பிந்திய தோட்ட வாழ்க்கையில் ஜீப்புக்கு ஒரு போட்டியாளர் வந்தது. ரோவர் நிறுவனத்தின் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சீ தீவிலிருந்த தமது பண்ணையில் இராணுவம் விற்ற பழைய ஜீப்பொன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதேபோல ஒன்றை நாமே செய்யலாமே என்று எண்ணினார். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் அறிமுகமானது. இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்தத் தட்டுப்பாடு சப்ரகமுவவுக்கு வரமாயிற்று எனலாம். இரத்தினபுரி மழையில் இரும்பு ஜீப்பின் தளம் ஓட்டையாகிப் போகும். லாண்ட் ரோவரின் உடல் அப்படியே நிற்கும், சேஸிதான் அடியில் ஓசையின்றி அரிக்கப்பட்டுக் கொண்டிருக்கும்.

என் சிறுவயதில், எழுபதுகளில், எங்கள் தோட்டத்துக்கு இருந்ததும் லாண்ட் ரோவர்தான். காணிச் சீர்திருத்தத்தின் பின் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைத்துரை போய் உள்ளூர்த்துரை வந்தார், வண்டி மாறவில்லை. வளைவில் அதன் உறுமல் கேட்டதும் கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்வார், நாங்கள் பாதையோரப் புல்லுக்குள் இறங்கி நிற்போம். லயத்தில் பிரசவ வலி கண்டவர்கள் போனது கொழுந்து லொறியிலோ, இறப்பர் லொறியிலோ. ஜீப்பில் ஏறியவர்களை நான் பார்த்ததில்லை.

பச்சை நிற ஜீப் வண்டி வேறு சிலவற்றையும் நினைவூட்டும். 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது கேகாலை மாவட்டத்துச் சிங்களக் கிராமங்களுக்குள் அவை வந்த விதத்தை நண்பர் அறிவார். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் திரும்பி வரவில்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் லயங்கள் எரிந்தபோது, அவ்வண்டிகள் வரவேண்டிய நேரத்தில் வராததை எம்மவர் அறிவர். வவுனியாவுக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். இத்தனைக்குப் பிறகும் ஓர் இராணுவ வண்டியை ஆசையோடு துடைத்துப் பளபளப்பாக்க முடியுமா என்று நண்பரிடம் கேட்டேன். “இரும்புக்கு என்ன தெரியும்?” என்றார். சற்றுக் கழித்து, “கேள்வி சரிதான்” என்றும் சொன்னார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடக்கூடிய எதற்கும் விலை ஏறியது. தகரக் கொட்டில்களில் கோழி அடைத்திருந்த பழைய ஜீப்புகளையும் தேடி ஆட்கள் வந்தார்கள். பாகங்கள் கிடைப்பது நினைப்பதைவிடச் சுலபம். பிலிப்பைன்ஸில் இன்றும் போர்க்கால ஜீப்புக்கு முழு உடலையே புதிதாக அடித்து விற்கிறார்கள். 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கிய மஹிந்திராவின் புண்ணியத்தால் இந்தியாவிலிருந்தும் சில பொருந்தும். காசு இருந்தால் உடல் கிடைக்கும். கிடைக்காதது பத்திரம்.

அந்தப் பத்திரத்தை நண்பர் பொலித்தீன் உறைக்குள் வைத்திருந்தார். 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து வருமுன் வழங்கப்பட்ட, இரண்டு ஆங்கில எழுத்துக்களைக் கொண்ட இலக்கம். அதற்காகவே இரட்டிப்பு விலை கேட்பவர்கள் உண்டு. வண்டி யாரிடமிருந்து யாரிடம் எந்த ஆண்டில் போனது என்பதெல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்தது. நான் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஜீப் தோட்டத்துக்கு வந்த அதே காலத்தில்தான், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், போருக்குப் பால் வெட்டிய மக்களிடம் தகப்பனும் பாட்டனும் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் கேட்டது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சியோரின் கடைசிக் கணக்குத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆயிற்று. அப்பாயி அதற்கு முன்பே, எந்த நாட்டவரும் அல்லாதவராக இறந்துபோனார்.

திரும்பப் புறப்படும்போது உடலின் பின்பக்கத்தில் ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது. டிங்கரிங் செய்பவர் அதே மலையிலுள்ள தோட்டத்து லயத்தைச் சேர்ந்த தமிழர், நாற்பது வயதிருக்கும். சிவப்பு, சாம்பல், வெளிர்பச்சை என்று மூன்று பூச்சுகளைச் சுரண்டி அடியிலிருந்த மங்கிய இராணுவப் பச்சையை அவர் எட்டிவிட்டார். எஞ்சியிருந்தவை பின்தகட்டில் ஒட்டியிருந்த இரண்டு தடித்த இரும்புக் கொக்கிகள். இறப்பர்ப் பால் வாளிகளை மாட்டுவதற்காகத் தோட்டத்தில் எவரோ வெல்டிங் செய்தவை. அவற்றின் மடிப்பில் கறுத்து இறுகிய ஒட்டுப்பால் இன்னும் இருந்தது. நகத்தால் கிள்ளினேன், இழுபட்டு மீண்டது. இராணுவக் கையேட்டுப் படத்தில் அப்படியொரு கொக்கி இல்லை, எனவே வெட்ட வேண்டும் என்பது நண்பரின் கட்சி.

“சேர், இத வெட்டினா இது மிலிட்டரி ஜீப்பு. வெட்டாட்டி தோட்டத்து ஜீப்பு. மிலிட்டரியில இது ரெண்டு மூணு வருசம்தான் ஓடியிருக்கும், தோட்டத்துல நாப்பது வருசம் ஓடியிருக்கு. மாத்தயாவுக்கு எது வேணும்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க” என்றார் அவர் என்னிடம்.

நான் சிங்களத்தில் மொழிபெயர்த்தேன். நண்பர் பதில் சொல்லவில்லை. மழை வலுத்துக்கொண்டு வந்ததால் நானும் காத்திருக்கவில்லை. இரண்டு மாதங்களின் பின் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். புதிய பச்சைப் பூச்சு, முன்முகப்பில் ஒன்பது துளைகள், போனட்டில் வெள்ளை நட்சத்திரம். முன்பக்கத்திலிருந்து எடுத்த படம். பின்பக்கத்தை அனுப்பும்படி எழுதியிருக்கிறேன்.